பங்கும் பத்திரமும்

வணிகச் சட்டம் என்னும் பாடத்தை நான் விரும்பிப் பயின்றவனல்லன். 1982ஆம் ஆண்டு பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருட மாணவனாக இருந்தபோது காலை எட்டு மணிக்கு அந்த விரிவுரை அமைந்திருந்தது. அவ்வாண்டிலேதான் 17ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம் வந்து, 1938ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தை அகற்றியிருந்தது. பல வருடங்களாகப் படிப்பித்துவந்த குறிப்புக்களை ஒதுக்கிவிட்டுப் புதிதாக எழுதவேண்டி வந்தமையால் எங்கள் விரிவுரையாளருக்கு உண்டான சினம் முழுவதும் எங்கள்மீதே இறங்கியது. நாங்களோ தனிவணிகம், பங்குடைமை, கம்பனி என மூன்று தலைப்புக்களை இட்டு, ஒவ்வொன்றின் நன்மை தீமைகளையும் எண்ணிட்டு எழுதிப் பரீட்சைக்கு முதல்நாள் மனனம் செய்தாற் போதும் என்று இருந்தோம். ஒரு சிறு தொழிலுக்கு எந்தச் சட்ட வடிவம் பொருந்தும் என்ற கேள்வி எங்களுக்குப் பத்துப் புள்ளிக்குரிய கேள்வி, அவ்வளவுதான்.

ஒருநாள் பங்குடைமை பற்றிய விரிவுரையின் நடுவே அவர் கரும்பலகையில் "1840 – இல. 7 – பிரிவு 18" என்று எழுதினார். மோசடிகளைத் தடுப்பதற்கான கட்டளைச் சட்டம் அது. மூலதனம் ஆயிரம் ரூபாவுக்கு மேற்பட்டதாயின், பங்குடைமையை நிறுவும் உடன்படிக்கை எழுத்தில் இருத்தல் வேண்டும். அதனைச் செய்பவர் அதில் ஒப்பமிட்டிருத்தல் வேண்டும். இன்றேல் அதற்குச் சட்டத்தில் வலுவும் இல்லை, பயனும் இல்லை. இதைச் சொல்லிவிட்டு அவர் அடுத்த விடயத்திற்குச் சென்றுவிட்டார். நான் செல்லவில்லை. மூன்று வருடங்களுக்கு முன்னர் எங்கள் வீட்டு விறாந்தையில் ஐயா சொன்ன ஒரு வசனம் எங்கிருந்து வந்தது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அந்த வசனத்தைச் சொல்லுமுன் ஆலையைப் பற்றிச் சொல்லவேண்டும். சுன்னாகத்துக்கு அண்மையில் உள்ள எங்கள் ஊரில் 1971இல் ஐயாவும் அவருடைய நண்பர் ஒருவரும் சேர்ந்து மிளகாய் அரைக்கும் ஆலையொன்றைத் தொடங்கினர். அந்த நண்பரை நாங்கள் மாமா என்றே அழைத்தோம். இரத்த உறவு ஏதும் இல்லை. வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் தடைசெய்யப்பட்டிருந்த காலம் அது. வலிகாமத்துச் செம்மண்ணில் விளைந்த செத்தல் மிளகாய்க்குக் கொழும்பிலே நல்ல விலை கிடைத்தது. தோட்டக்காரர் கல்வீடு கட்டினர். மகனுக்குச் சைக்கிளும் மகளுக்குத் தையல் இயந்திரமும் வாங்கினர். ஆலைக்கு ஐயா ஆறாயிரம் ரூபா போட்டார். கடை கட்டிய நிலமும் அவருடையது. மாமா நாலாயிரம் போட்டார். ஆனால் டீசல் எஞ்சினின் நோவு அறிந்தவர் மாமாதான். அது இருமினால் எந்த இடத்தில் இருமுகின்றது என்று காதாலேயே அறிந்து சொல்வார்.

வணிகப் பெயரைப் பதியவேண்டிய வேளையில் ஐயா தனியாகப் போய்த் தம் பெயரில் மட்டும் பதிந்துகொண்டு வந்தார். அதில் வஞ்சகம் எதுவும் இருந்ததாக இன்றும் நான் நினைக்கவில்லை. எஞ்சினைப் பொருத்தும் வேலை நடந்துகொண்டிருந்தது. மாமா அதை விட்டு வரமுடியாது. ஒருவர் பெயரில் என்றால் ஒரு கையொப்பத்தோடு வேலை முடியும். பதிவுப் பத்திரம் சட்டமிட்டு ஆலைச் சுவரில் மாட்டப்பட்டது. அதன்மேல் மிளகாய்த்தூள் படிந்து சில மாதங்களில் எழுத்தே தெரியாமற் போயிற்று.

சனிக்கிழமை மாலைகளில் ஆலையை மூடியபின் இருவரும் எங்கள் விறாந்தையிலே பாய் விரித்து அமர்வர். டீசலுக்கும், வேலைக்கு நின்ற பையனின் கூலிக்கும், வரும் கிழமைச் செலவுக்கும் எடுத்துவைத்து, எஞ்சிய பணம் இரண்டு சம பங்காகப் பிரிக்கப்படும். ஐயா கணக்குக் கொப்பியில் எழுதுவார். தம் பங்கைப் பெற்றுக்கொண்டமைக்கு அடையாளமாக மாமா அதில் ஒப்பமிடுவார். எட்டு வருடங்கள் இது நடந்தது. ஏறத்தாழ நானூறு சனிக்கிழமைகள், நானூறு கையொப்பங்கள்.

1979இல் மாமா மாரடைப்பால் இறந்தார். அந்தியேட்டி முடிந்து சில நாட்களின்பின் மாமி தம் தமையனாரோடு எங்கள் வீட்டுக்கு வந்து, அவருடைய பங்கு என்ன செய்யப்படும் என்று கேட்டார். கேட்டதுகூட நேராக அல்ல. இரண்டு பிள்ளைகளின் படிப்பைப் பற்றிச் சொல்லிச் சொல்லி, அந்த இடத்துக்கு வந்து நின்றார். ஐயா யோசித்துச் சொல்வதாகக் கூறி அனுப்பிவிட்டு, அடுத்த நாள் யாழ்ப்பாணம் சென்று சட்டத்தரணி ஒருவரைக் கண்டு திரும்பினார். விறாந்தையில் சால்வையைக் கழற்றிக்கொண்டே அம்மாவிடம் சொன்னார்: "எழுத்து ஒண்டும் இல்லை. சட்டப்படி அவை கேட்க ஏலாதாம்."

அம்மா ஒன்றும் பேசவில்லை. ஐயா மாமிக்கு ஐயாயிரம் ரூபா கொடுத்தார். இரண்டு வருடம்வரை மாதந்தோறும் ஒரு தொகை அனுப்பினார். பின்னர் அதுவும் நின்றது. ஆலையின் பெறுமதி அப்போது ஐம்பதாயிரத்துக்குக் குறையாது. ஐயாவைக் கள்வர் என்று ஊரில் எவரும் சொல்லவில்லை. ஐயாயிரம் கொடுத்ததற்காகப் புகழ்ந்தவர்களும் உண்டு. கொடுக்கவேண்டிய கடமை இல்லாதவர் கொடுத்தார் என்றல்லவா அவர்கள் எண்ணினர்.

கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு நான் இருந்தது இந்த நினைவோடுதான். விரிவுரை முடிந்தபின் விரிவுரையாளரிடம் சென்று, பங்காளர் ஒருவர் இறந்தால் என்ன நிகழும் என்று கேட்டேன். வேறு உடன்பாடு இல்லாவிடில் பங்குடைமை அன்றே கலைந்துவிடும். கணக்குப் பார்த்து, கடன் தீர்த்து, எஞ்சியதில் இறந்தவரின் பங்கை அவருடைய உரித்தாளருக்குக் கொடுத்தல் வேண்டும் என்றார். 1890ஆம் ஆண்டு ஆங்கிலப் பங்குடைமைச் சட்டம் அப்படிச் சொல்கின்றது. 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அந்த ஆங்கிலச் சட்டத்தை இலங்கைக்கும் உரியதாக்கியது. "ஆனால், முதலிலே பங்குடைமை ஒன்று இருந்தது என்று காட்டவேண்டுமே" என்று அவரே தொடர்ந்து சொன்னார். கணக்குக் கொப்பி இருந்தால்? "ஆருடைய ஒப்பம் இருக்கிறது என்று பார்க்கவேண்டும்."

மாமாவின் ஒப்பந்தான் இருந்தது. ஐயாவின் ஒப்பம் ஓரிடத்திலும் இல்லை. பணத்தைப் பெறுகிறவன் ஒப்பமிடுவது வழக்கம். கொடுக்கிறவன் ஏன் ஒப்பமிடவேண்டும்? மாமாவின் நானூறு ஒப்பங்களும் மாமாவுக்கு எதிராக மட்டுமே பயன்படக்கூடியவையாக அந்தக் கொப்பியில் வரிசையாக நின்றன.

அதைவிட விசித்திரமான ஒன்றை அன்று மாலை நூலகத்தில் வாசித்தேன். எழுத்தில்லாத பங்குடைமை தமக்குள்ளே ஒருவர்மீது ஒருவர் உரிமை கோர உதவாது. ஆனால் வெளியார் ஒருவர் தமக்கு வரவேண்டிய கடனுக்காக இருவரையும் பங்காளர் என்று காட்டி வழக்கிட அதே பிரிவு இடம் விடுகின்றது. ஆகவே மாமாவின் பங்கைக் கேட்க மாமிக்கு வழியில்லை. ஆலைக்கு டீசல் கொடுத்தவர் தம் பாக்கியை மாமா விட்டுச்சென்ற சொத்திலிருந்து கேட்க வழியுண்டு. சட்டத்தை ஆக்கியவர்களுக்கு இதில் நியாயமான காரணம் இருந்திருக்கலாம். பொய்ச்சாட்சி சொல்லி இல்லாத பங்கைக் கோருவோரைத் தடுப்பதே அவர்களுடைய நோக்கம். எனினும் 1840இல் ஆயிரம் ரூபா என்பது பெருஞ்செல்வம். இன்று ஆயிரம் ரூபா மூலதனத்தில் எவரும் கடலை வண்டிதானும் தொடங்கமுடியாது. பெருவணிகருக்கு இட்ட வேலி நூற்றாண்டு கழிந்து சிறுதொழிலாளரின் முற்றத்துக்குள் வந்து நின்றது.

விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது கொப்பியை எடுத்துப் பார்த்தேன். ஐயாவிடம் கேட்கவும் கேட்டேன். "உதைப் படிச்சுப்போட்டு வந்து எனக்கே சொல்லுறாய்?" என்றார். நான் மேலே பேசவில்லை. பேசியிருக்கலாம். மாமாவிடம் ஏன் எழுதிக்கொள்ளவில்லை என்று வேறொரு நாள் அவரே சொன்னார்: "கூட்டாளியிட்டைப் போய் எழுத்துக் கேக்கிறதோ?" யாழ்ப்பாணத்தவர் எழுதாத சாதியினரல்லர். காணிக்கு எழுதுகின்றோம், சீதனத்துக்கு எழுதுகின்றோம், ஒற்றிக்கும் ஈட்டுக்கும் எழுதுகின்றோம், பனை வடலி நிற்கும் இரண்டு பரப்புக்கு ஏழு தலைமுறை உறுதி வைத்திருக்கின்றோம். மண்ணென்றால் எழுதாமல் உறங்காத நாங்கள் உழைப்பைச் சேர்த்துச் செய்யும் தொழிலென்றால் மட்டும் எழுத்தைக் கேட்பது நட்புக்கு இழுக்கு என்று கருதுகின்றோம். இதற்கு எனக்கு இன்றுவரை விளக்கம் கிடைக்கவில்லை.

ஆலை 1977க்குப் பின்னரே சோர்ந்துவிட்டது. இறக்குமதி மிளகாய் வந்து தோட்டக்காரரையும் அவர்களை நம்பியிருந்த ஆலைகளையும் அசைத்தது. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் எஞ்சின், பதிவுப் பத்திரம், கணக்குக் கொப்பி எல்லாம் போயின. திரும்பி வந்தபோது நான்கு சுவர் நின்றது. ஐயா அதைப் பார்த்துவிட்டு மறுவருடம் காலமானார்.

இனி 2011ஆம் ஆண்டுக்கு வருகிறேன். நான் கொழும்பில் உத்தியோகத்தில் இருந்தேன். என் தங்கை ஊரில் இருந்தாள். அவளுடைய கணவர் பிரான்சில். மாமியும் மாமியின் மகளும் வன்னியிலிருந்து அதற்கு முந்திய வருடமே ஊர் திரும்பியிருந்தனர். மகள் 2009இல் கணவனை இழந்தவர், இரண்டு பிள்ளைகள். சரக்கு வறுத்துத் தூள் இடிப்பதில் அவருக்கு இருந்த கைப்பக்குவம் மாமியிடமிருந்து வந்தது. மல்லியை எப்போது இறக்கவேண்டும், மிளகாயை எந்த நிறத்தில் நிறுத்தவேண்டும் என்பதற்கு அவரிடம் அளவுப் பாத்திரம் இல்லை, மூக்குத்தான் அளவு. தங்கையிடம் நிலமும், பழைய ஆலையின் நான்கு சுவரும், கணவர் அனுப்பிய மூன்று இலட்சமும் இருந்தன. இருவரும் சேர்ந்து கறித்தூளும் ஒடியல் மாவும் செய்து விற்கத் தீர்மானித்தனர். ஊரைவிட்டுப் போனவர்களின் வீடுகளுக்குப் பொதி அனுப்புவோரே முதல் வாடிக்கையாளர்.

ஒரு வெள்ளிக்கிழமை நான் ஊருக்குச் சென்றபோது, பதிவுக்கான படிவத்தைத் தங்கை நிரப்பி வைத்திருந்தாள். பிரதேச செயலகத்தில் கொடுக்கவேண்டியது. கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலும் எடுத்தாயிற்று. உரிமையாளர் என்ற இடத்தில் அவள் பெயர் மட்டும் இருந்தது.

"அக்காதான் அப்பிடிச் சொன்னவ" என்றாள் தங்கை.

"ஓம் தம்பி. தங்கச்சியின்ரை காணி, தங்கச்சியின்ரை காசு. என்ரை பேர் என்னத்துக்கு? அவ தாறதைத் தருவா தானே" என்றார் மாமியின் மகள்.

நாற்பது வருடங்களுக்கு முன்னர் அதே சுவருக்குள் நிகழ்ந்தது மீண்டும் நிகழப்போகின்றது என்று எனக்குத் தோன்றியது. இரு பெண்களும் நல்லவர்கள்; ஐயாவும் மாமாவும் நல்லவர்களே. நான் படிவத்தை எடுத்து மடித்து என் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தனிவணிகம், பங்குடைமை, கம்பனி என்ற அந்தப் பழைய மூன்று தலைப்புக்களையும் முதன்முறையாகப் பரீட்சைக்கல்லாமல் விளக்கத் தொடங்கினேன்.

தனிவணிகம் இலகுவானது, செலவு சொற்பம், ஒருநாள் வேலை. உரிமையாளரின் சொந்தப் பெயரல்லாத பெயரில் தொழில் நடத்தினால் அப்பெயரைப் பதியவேண்டும் என்பதே 1918ஆம் ஆண்டிலிருந்து இந்நாட்டில் உள்ள விதி. ஆனால் அந்தப் பதிவு தொழிலுக்குத் தனி உயிர் எதையும் கொடுப்பதில்லை. தொழில் வேறு தங்கை வேறு என்று சட்டம் பார்ப்பதில்லை. தொழிலின் கடன் அவள் கடன். தொழிலின் சொத்து அவள் சொத்து. அவள் இறந்தால் அவளுடைய உரித்தாளருக்கு எல்லாம் சேரும். மாமியின் மகள் அங்கே சம்பளத்துக்கு நின்றவர் ஆவார். அதற்கும் எழுத்து இல்லை. பதிந்த பெயரை வேறெவரும் பயன்படுத்தாமல் அப்பதிவே காப்பாற்றும் என்று பலர் நம்புவதுண்டு, அதுவும் பிழை. அந்தக் காப்பு வேண்டுமாயின் 2003ஆம் ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டத்தின்கீழ் வியாபாரக் குறியாகத் தனியே பதியவேண்டும்.

பங்குடைமை பற்றிச் சொல்லும்போது மாமி வந்து கதவோரம் அமர்ந்துவிட்டார். எழுபது கடந்தவர், கண்ணில் வெண்புரை. பங்காளர் ஒருவர் தொழிலுக்காகச் செய்யும் ஒப்பந்தம் மற்றவரையும் கட்டுப்படுத்தும். கடனுக்கு இருவரும் தம் சொந்தச் சொத்தோடு பொறுப்பு. உடன்படிக்கையில் ஒன்றும் சொல்லாவிட்டால், போட்ட முதல் எவ்வளவாயினும் இலாபம் சமபங்கு என்றெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன். மாமி இடையில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எழுதுவியளோ, தம்பி?"

எழுதுவோம் என்றேன்.

கம்பனியைப் பற்றியும் சொன்னேன். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்துக்குப்பின் ஒருவர் தனியாகவே கம்பனி அமைக்கலாம். முன்னர் தனியார் கம்பனிக்கு இருவராவது வேண்டும். முன்போல் அமைப்புச் சாசனம் என்று தனியாக ஒன்று தேவையில்லை. அமைப்பு விதிகள் போதும். அவற்றையும் எழுதாவிட்டால் சட்டத்தின் அட்டவணையில் உள்ள மாதிரி விதிகள் பொருந்தும். ஆனால் கம்பனிச் செயலாளர் வேண்டும், கணக்காய்வாளர் வேண்டும், ஆண்டுதோறும் பதிவாளருக்கு அறிக்கை அனுப்பவேண்டும். மாதம் முப்பது கிலோ தூள் விற்கும் தொழிலுக்கு இது தலையைவிடப் பெரிய தலைப்பாகை. பங்குடைமையோடு தொடங்குவது என்று முடிவாயிற்று.

சட்டத்தரணி ஒருவர் தட்டச்சில் தயாராக வைத்திருந்த மாதிரி உடன்படிக்கையில் பெயர்களை இட்டுத் தந்தார். அதில் மரணம் பற்றிய வாசகம் இல்லை. நான் அதைச் சேர்க்கச் சொன்னேன். "நல்ல காரியத்திலை சாவுக் கதையோ?" என்று தங்கை முகம் சுளித்தாள். பத்து நிமிடம் எவரும் பேசவில்லை. பின்னர் மாமியின் மகள்தான், "எழுதட்டும், தங்கச்சி. நான் பாத்தனான்" என்றார். எதைப் பார்த்தார் என்று அவர் சொல்லவில்லை. மாமாவின் சாவையா, 2009ஐயா என்று நானும் கேட்கவில்லை. ஒருவர் இறந்தால் ஆறு மாதத்துக்குள் கணக்குப் பார்த்து, அவருடைய பங்கை மூன்று வருடத் தவணையில் பிள்ளைகளுக்குக் கொடுக்கவேண்டும் என்று எழுதப்பட்டது. முதலை எப்படி மதிப்பது என்பதில் இன்னும் அதிக நேரம் சென்றது. மூன்று இலட்சத்தை எண்ணலாம். மல்லியை இறக்கும் கணத்தை அறியும் மூக்கை எப்படி எண்ணுவது? ஈற்றில் முதல் தங்கையுடையது, இலாபம் சமபாதி என்று ஒப்புக்கொண்டனர். இருவரும் ஒப்பமிட்டனர். மூன்று பிரதிகள்.

அதன்பின் பிரதேச செயலகப் பதிவு, பிரதேச சபை உரிமம், பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் வருகை என்பன வந்தன. இவற்றை விரித்தால் சலிப்புத் தட்டும். சுகாதாரப் பரிசோதகர் மட்டும் தூள் கேட்டு வாங்கிச் சென்றார். பணம் கொடுத்தே வாங்கினார்.

மூன்று வருடத்தில் தொழில் வளர்ந்தது. 2014இல் கொழும்பு வணிகர் ஒருவர் மாதம் அரைத் தொன் கேட்டார். பணம் மூன்று மாதம் கழித்தே வரும். அதுவரை மிளகாயும் மல்லியும் வாங்கக் கடன் எடுக்கவேண்டும். மாமியின் மகள் அப்போது முதன்முறையாகப் பயந்தார். அவருக்கு வீட்டுத்திட்டத்தில் கிடைத்த இரண்டு அறை வீடு ஒன்றே உடைமை. தொழில் சரிந்தால் அது போகுமா என்று கேட்டார். பங்குடைமையில் போகும் என்பதே உண்மையான பதில். கம்பனி பற்றிய பேச்சு மீண்டும் வந்தது.

கம்பனிச் சட்டத்தின் இருதயம் ஆரன் சலமன் என்பவரின் வழக்கு என்று எங்கள் விரிவுரையாளர் சொல்வார். இலண்டனில் வைற்சப்பல் பெருந்தெருவில் தோற்சப்பாத்து வணிகம் செய்தவர் அவர். 1892இல் தம் தொழிலைக் கம்பனியாக்கினார். அக்காலத்தில் ஏழு பேர் வேண்டும். தாமும் மனைவியும் ஒரு மகளும் நான்கு ஆண்மக்களுமாக ஏழு பேரைச் சேர்த்தார். மொத்தப் பங்குகள் 20,007. அவற்றில் 20,001 அவருடையவை. தம் தொழிலைத் தம் கம்பனிக்கே ஏறத்தாழ 39,000 பவுணுக்கு விற்று, அதில் 10,000 பவுணைக் கம்பனி தமக்குத் தரவேண்டிய தொகுதிக் கடனாக வைத்துக்கொண்டார். அடுத்த வருடமே கம்பனி முறிந்தது. சலமனும் கம்பனியும் ஒன்றே, அவரே கடனைத் தீர்க்கவேண்டும் என்று கீழ் நீதிமன்றங்கள் சொல்லின. பிரபுக்கள் சபை 1896 நவம்பரில் அதை மாற்றியது: சட்டப்படி அமைந்த கம்பனி வேறு, சலமன் வேறு. பிணையில்லாமல் கடன் கொடுத்த வணிகருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. நான் மாணவனாக இருந்தபோது சலமனை ஒரு தந்திரக்காரராகவே எண்ணினேன். பின்னாளில், தம் வீட்டையும் தொழிலையும் பிரித்துவைக்க விரும்பிய ஒரு செருப்புக்காரராக அவரைப் பார்க்கமுடிந்தது. கடன் கொடுத்து ஏமாந்த மற்றத் தோல் வணிகரின் பக்கத்தில் இருந்து பார்த்தால் இன்னொரு விதமாகத் தெரியும்.

இருவரும் கம்பனி அமைத்தனர். முதலாம் படிவத்தில் விண்ணப்பம், பதினெட்டாம் படிவத்தில் பணிப்பாளரின் சம்மதம், பத்தொன்பதாம் படிவத்தில் செயலாளரின் சம்மதம். அவற்றைக் கொழும்பில் நானே கொண்டுசென்று கொடுத்தேன். பெயர் முதலில் ஏற்கப்படவில்லை. ஏறத்தாழ அதே பெயரில் வேறொரு கம்பனி இருந்தது. வேறு பெயரைத் தேடுவதில் மூன்று கிழமை சென்றது. பதிந்தபின் வர்த்தமானியிலும் மும்மொழி நாளிதழ்களிலும் அறிவித்தல் இடவேண்டும் என்று செயலாளர் கேட்டபோது, அந்தச் செலவைக் கண்டு தங்கை, "பிள்ளைக்குப் பேர் வைக்கவும் இவ்வளவு முடியேல்லை" என்றாள்.

கடனுக்கு வங்கிக்குப் போனபோதுதான் சலமனின் வழக்கை எங்களைவிட வங்கிகள் நன்றாக அறியும் என்பது விளங்கியது. கம்பனிக்குக் கடன் தருவதற்குத் தடையில்லை. ஆனால் பணிப்பாளர் இருவரும் தனிப்பட்ட பிணைக் கையொப்பம் இடவேண்டும் என்றார் முகாமையாளர். சட்டம் மூடிய கதவை ஒரு தாளால் திறந்துவிட்டார். மாமியின் மகளின் வீடு மீண்டும் அதே இடத்தில் நின்றது. கம்பனி வரையறுத்தது அவர்களுடைய பொறுப்பை மிளகாய் வியாபாரிகளிடமிருந்து மட்டுமே; வங்கியிடமிருந்து அல்ல. அன்று அவர் ஒப்பமிட மறுத்தார். தங்கை தன் சீதனக் காணியை ஈடு வைக்க முன்வந்தாள்.

அங்கே இன்னொரு சட்டம் எழுந்து நின்றது. தேசவழமைக்குட்பட்ட மணமான பெண், காணி தன்னுடைய தனிச்சொத்தாக இருந்தாலும், கணவரின் எழுத்துமூலச் சம்மதமின்றி அதை ஈடு வைக்கவோ விற்கவோ முடியாது என்பதே, 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகளும் மரபுரிமையும் பற்றிய கட்டளைச் சட்டத்தின்படி அந்நாளில் நடைமுறையில் இருந்த விதி. அசையும் சொத்துக்கு அந்தத் தடை இல்லை. கம்பனிப் பங்கு அசையும் சொத்து. ஆகவே பல இலட்சம் பெறுமதியான கம்பனியின் பாதியை என் தங்கை தன் ஒரு கையொப்பத்தால் விற்கலாம். தாய் தந்த இரண்டு பரப்பை ஈடு வைக்கப் பிரான்சிலிருந்து ஒரு கையொப்பம் வரவேண்டும். அவள் சிரித்தாள், பிறகு நெடுநேரம் சிரிக்கவில்லை. சம்மதக் கடிதம் வர நாலு மாதம் ஆயிற்று. ஆலை நின்ற நிலம் தங்கை பெயரிலேயே இருந்து, கம்பனிக்குக் குத்தகையாகக் கொடுக்கப்பட்டது.

பங்குகளைப் பிரிப்பதில் நான் அறுபதுக்கு நாற்பது என்றேன். நாற்பது இருந்தால் நூற்றுக்கு எழுபத்தைந்து வேண்டும் விசேட தீர்மானத்தைத் தடுக்கலாம். அது போதிய காப்பு என்று வாதித்தேன். சாதாரண தீர்மானத்தால் பணிப்பாளர் பதவியிலிருந்தே அகற்றிவிடலாமே என்று சட்டத்தரணி சொன்னார். பாதிக்குப் பாதி வைத்தால் எந்தத் தீர்மானமும் நகராமல் நின்றுவிடக்கூடும் என்றும் அவரே எச்சரித்தார். தங்கை என்னையும் அவரையும் பார்த்துவிட்டு, "பாதி" என்றாள். ஏன் என்று சொல்லவில்லை. ஐயாவைப் பற்றி அவளும் நானும் ஒருநாளும் பேசியதில்லை.

சட்டத்தரணி சொன்னது பொய்க்கவில்லை. புதிய அரைக்கும் இயந்திரம் வாங்குவதா வேண்டாமா என்பதில் இருவரும் இருவேறாக நின்று எட்டு மாதம் ஒன்றும் வாங்கப்படவில்லை. ஒரு நல்ல வாடிக்கையாளர் அதனால் போய்விட்டார். அந்நாட்களில் இருவரும் ஒரே கூரையின்கீழ் இருந்து என்னோடு தொலைபேசியில் தனித்தனியே பேசினர். ஈற்றில் பழைய இயந்திரம் தானாகவே உடைந்து பிரச்சினையைத் தீர்த்துவைத்தது.

கம்பனி பதியப்பட்ட கிழமை பங்குச் சான்றிதழ்களைக் கொண்டு மாமி வீட்டுக்குச் சென்றேன். இது வந்தபின் 2011இல் எழுதிய உடன்படிக்கைக்கு வேலையில்லை, பங்குடைமை முடிந்துவிட்டது, மகள் இறந்தாலும் பங்கு பிள்ளைகளுக்கே போகும், கம்பனி நிற்கும் என்று விளக்கினேன். கோவையில் வைப்பதற்காக அந்தப் பழைய பிரதியைக் கேட்டேன். மாமி தலையணைக்குக் கீழிருந்து அதை எடுத்தார். கொடுக்கவில்லை. கடைசிப் பக்கத்தை என்னிடம் நீட்டி, கையொப்பம் உள்ள இடத்தில் தம் விரலை வைக்கச் சொன்னார். வைத்தேன்.

"இது ஆற்றை?"

"அக்காவின்ரை."

விரலைக் கீழே நகர்த்தினார். "இது?"

"தங்கச்சியின்ரை, மாமி."

"அந்தக் கொப்பியிலை அவற்றை மட்டுந்தான் இருந்தது" என்றார்.

கொப்பியைப் பற்றி நான் அவரிடம் ஒருபோதும் சொல்லவில்லை. உடன்படிக்கையை மடித்து மீண்டும் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டு, தேநீர் போடும்படி மகளைக் கூப்பிட்டார்.